ஷாங்காய்க்கு வெளியே மூன்று நாள்: ஊரிலிருந்து வரும் நண்பர்களை எங்கே அழைத்துப் போகலாம்?

மின்ஹாங்வாசி

வணக்கம் மக்களே. அக்டோபர் மூன்றாம் வாரம் வீட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். கல்லூரித் தோழன், அவன் மனைவி, அவன் அம்மா. இந்த மூவரும் அம்பாசமுத்திரத்திலிருந்து. இன்னொரு தோழியும் அவள் கணவரும் மலேசியாவில் கிள்ளானிலிருந்து. நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியே பல வருஷம் ஆகிறது.

ஊருக்குள் சுற்றிக்காட்டுவது கவலையில்லை. ஆற்றோரம், யூ தோட்டம், லோங்ஹுவா கோயில் என்று நானே பார்த்துக்கொள்வேன். அதற்குப் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு வெளியூர் போக ஆசை. இப்போதைக்கு நான் போட்டிருப்பது இது: வெள்ளி காலை சூசோ, மாலை வூசென், சனிக்கிழமை ஹாங்சோ, அன்று இரவே ரயில் பிடித்து ஹுவாங்ஷான், ஞாயிறு மலை பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு.

அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு, சுத்த சைவம். மற்றவர்கள் எதுவும் சாப்பிடுவார்கள். உங்கள் கருத்து சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை

சூசோவிலேயே குடியிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எங்கள் ஊரை அந்தப் பட்டியலிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். ஷாங்காயின் ஹோங்ச்சியாவ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். 2023-லிருந்து ஷாங்காய் மெட்ரோவின் 11-ம் பாதையும் எங்கள் ஊர் மெட்ரோவும் ஹுவாச்சியாவ் நிலையத்தில் கைகோத்துவிட்டன. காலையில் வந்து ஒரு தோட்டம் பார்த்து, பிங்ஜியாங் தெருவில் படகேறி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இதற்கு ஒரு ராத்திரியைச் செலவழிக்க வேண்டியதில்லை. (ஐ.எம். பெய் வடிவமைத்த அருங்காட்சியகம் பார்ப்பதாக இருந்தால் திங்கள் வேண்டாம், அன்று விடுமுறை. முன்பதிவும் வேண்டும்.)

மூன்று நாளில் நான்கு ஊர் என்றால் உங்கள் நண்பர்கள் பார்க்கப்போவது நான்கு ரயில் நிலையங்களைத்தான். ஒவ்வொன்றிலும் பை சோதனை, பாஸ்போர்ட் வரிசை, எஸ்கலேட்டர், டாக்ஸி. முட்டிவலிக்காரருக்கு மலையைவிட அதுதான் பெரிய பாடு. ஒரே இடம், இரண்டு இரவு. எந்த இடம் என்று பேசுவோம்.

மலைமுகடு

ஒரே இடம் என்றால் ஹுவாங்ஷான். வேறு பேச்சே இல்லை.

1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை. உச்சமான தாமரைச் சிகரம் 1864 மீட்டர். பாறை வெடிப்பில் வேர்விட்டு நிற்கும் பைன் மரங்களும், காலையில் காலடியில் பரவும் மேகக்கடலும் சீன ஓவியங்களில் பார்த்தது அப்படியே கண்முன்னால் நிற்கும். 2018 டிசம்பரில் ஹாங்சோவிலிருந்து அதிவேகப் பாதை போட்டபிறகு ஷாங்காயிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் ஹுவாங்ஷான் வடக்கு நிலையம் வந்துவிடலாம். அங்கிருந்து தாங்கோவுக்குப் பஸ், பிறகு கேபிள் கார். மேலேயே விடுதிகள் உண்டு. ஒரு ராத்திரி உச்சியில், மறுநாள் ராத்திரி கீழே ஹோங்சுன் கிராமத்தில். அதுவும் 2000-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அவ்வளவு தூரம் விசா எடுத்து வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டியது இதைத்தான்.

அடுப்பங்கரை

மலைமுகடு தம்பி, நீங்கள் சொன்ன அழகில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். கேபிள் கார் உச்சியில் கொண்டுபோய் விடுகிறது, சரி. விடுதிக்குப் போக, சூரிய உதயம் பார்க்க, திரும்பிவர எல்லாமே கல்படிகள். ஏறுவதைக்கூடப் பல்லைக் கடித்து ஏறிவிடலாம், இறங்குவதில்தான் முட்டி அழும். பல்லக்கு தூக்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் தோளில் தன்னைச் சுமந்து போவதை நம் ஊர் அம்மாக்கள் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். மகனும் அரை மனதோடு போய் வருவார்.

அதோடு சாப்பாடு. மலைமேல் எல்லாமே கீழிருந்து ஆட்கள் சுமந்துவருவது. விலையும் அதிகம், சைவத்துக்கு வழியும் குறைவு.

தேயிலைத்தூள்

ஹாங்சோவில் ஆராய்ச்சி மாணவி. என் ஓட்டு என் ஊருக்கு, ஆனால் காரணத்தோடு.

ஷாங்காயிலிருந்து ஒரு மணி நேரம்தான். மேற்கு ஏரிக்கரை முழுக்கச் சமதளம். நடக்க முடியாதபோது பேட்டரி வண்டி, படகு. ஒரு யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீரில் நிற்கும் அந்தச் சின்னக் கல்கோபுரங்கள், அவை இந்த ஏரியில்தான் இருக்கின்றன. நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்காத ஆளே கிடையாது. ஏரிக்குக் குறுக்கே போகும் சூ கரை, இந்த ஊரை ஆண்ட கவிஞர் சூ டொங்போ காலத்தில், ஏரியைத் தூர்வாரிய சேற்றைக் கொண்டு போட்டது. அக்டோபரில் குய்ஹுவா பூக்கும். மஞ்சள் பொடிப்பூ, தெருவெல்லாம் அந்த மணம்தான். வருஷத்தைப் பொறுத்து மூன்றாம் வாரம்வரைகூட இருக்கும்.

அம்மாவுக்கு லிங்யின் கோயில் பிடிக்கும். 328-ல் இந்தியாவிலிருந்து வந்த ஹுய்லி என்ற துறவி கட்டியதாக மரபு. எதிரில் இருக்கும் சுண்ணாம்புக்கல் குன்றைப் பார்த்து, "இது எங்கள் நாட்டு மலை, எப்படி இங்கே பறந்து வந்தது?" என்று அவர் கேட்டாராம். இன்றும் அதற்குப் பறந்து வந்த சிகரம் என்றுதான் பெயர். குன்று முழுக்க நூற்றுக்கணக்கில் பாறைச் சிற்பங்கள். தங்குவதற்கு ஏரிக்கரையைவிட லோங்ஜிங் பக்கத்துத் தேயிலைக் கிராமங்கள் நல்லது. அறுவடை வசந்தத்தில்தான் என்றாலும் தோட்டம் எப்போதும் பச்சையாக இருக்கும்.

ஒரே வேண்டுகோள்: சனி, ஞாயிறு வராதீர்கள். ஏரிக்கரையில் நிற்க இடம் கிடைக்காது.

மின்ஹாங்வாசி

எல்லாருக்கும் நன்றி. நான்கு ஊர்த் திட்டத்தைக் கைவிட்டேன். அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், திங்கள் முதல் புதன் வரை விடுப்பு கிடைக்கும். ஹுவாங்ஷான் மனதை விட்டுப் போகவில்லை, ஆனால் அடுப்பங்கரை அக்கா சொன்ன "ரூம்லயே இருக்கேன்" அப்படியே அந்த அம்மாவின் குரல். இப்போது ஹாங்சோ பக்கம் சாய்கிறேன். வேறு யாராவது?

நிங்போ துறை

கொஞ்சம் பொறுங்கள். பூத்துவோஷான் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

கப்பல் வேலையாக நிங்போவில் இருக்கிறேன், அதனால் இந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். ஜோஷான் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. சீன பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் ஒன்று. கருணைத் தெய்வமான குவான்யினின் இருப்பிடம். சுற்றுலாக்காரர்களின் சொந்த வண்டிக்குத் தீவில் அனுமதி இல்லை, தீவு பஸ்கள் எல்லா இடத்துக்கும் போகும். மூன்று பெரிய கோயில்கள். பூஜி கோயில் சமதளத்தில், முன்னால் தாமரைக்குளத்தோடு. ஃபாயூ கோயில் கொஞ்சம் ஏற்றத்தில். ஹுய்ஜி மட்டும் 291 மீட்டர் உயரத்தில், அதற்குக் கேபிள் கார் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி 33 மீட்டர் உயர குவான்யின் சிலை. பக்கத்திலேயே மணல் கடற்கரை.

சிலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கோயில் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். 863-ல் எகாகு என்ற ஜப்பானியத் துறவி வூதாய் மலையிலிருந்து ஒரு குவான்யின் சிலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். இந்தத் தீவருகே கப்பல் நகரவே இல்லையாம். அம்மனுக்குப் போக மனமில்லை என்று இங்கேயே வைத்துவிட்டார். கோயிலின் பெயரே "போக மறுத்த குவான்யின்". நம் ஊரில் தேர் நகராமல் நின்ற கதை, பெட்டி நகராமல் நின்ற கதை கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழி: ஹோங்ச்சியாவ் - நிங்போ ரயில் இரண்டு மணி நேரம். நிங்போவிலிருந்து பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ ஜூஜியாஜியன் துறை, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி. இடையில் வரும் பாலங்களுக்காகவே ஜன்னலோரம் உட்காருங்கள். சிஹோமென் தொங்குபாலத்தின் நடுப்பகுதி மட்டும் 1650 மீட்டர். துறையிலிருந்து படகில் கால் மணி நேரம் கூட ஆகாது.

பொருநை

மின்ஹாங்வாசி, அந்த அம்மா அம்பாசமுத்திரத்துக்காரர் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். நிங்போ துறை எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

பூத்துவோஷான் என்பது பொதலகம். பௌத்த நூல்களில் அவலோகிதேசுவரர் வாழும் மலை. அந்த அவலோகிதர்தான் சீனத்தில் குவான்யின் ஆனார். மூல மலை சீனத்தில் இல்லை. 7-ம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் அதைத் தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே என்று குறிக்கிறார். உச்சியில் ஒரு குளம், அதிலிருந்து இறங்கும் ஆறு, மலையைச் சுற்றிச் சுற்றி வந்து தென்கடலில் சேரும் என்கிறார். இந்தக் குறிப்பை வைத்து அது நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த ஆறு பொருநை, அதாவது தாமிரபரணி.

அறுதியாக நிரூபித்த விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தமிழ்ப் பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது. பொதிகையில் இருக்கும் அகத்தியர். இதற்கு மேல் என்ன சொல்ல!

வாசலில் நின்றால் பொதிகை தெரியும் ஊரிலிருந்து ஒருவர் கிளம்பி, அதே மலையின் நினைவில் கிழக்குக் கடலில் எழுந்த தீவுக்கு வருகிறார். ஹாங்சோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவரைப் பூத்துவோஷான் கூட்டிப்போங்கள்.

அடுப்பங்கரை

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஓட்டும் தீவுக்கே.

மலைமுகடு

பொருநை ஐயா எழுதியது அருமை. ஆனாலும் இரண்டு கேள்வி கேட்காமல் விட மனமில்லை. ஒன்று, வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாறு மணி நேரம். போக அரை நாள், வர அரை நாள். இரண்டு, கடலில் காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். திரும்புகிற நாளில் அப்படி மாட்டிக்கொண்டால்? ஊருக்கு விமானம் பிடிக்க வேண்டியவர்கள்.

நிங்போ துறை

நியாயமான கேள்விகள்.

தூரம் உண்மைதான். அதனால்தான் இரண்டு இரவு கட்டாயம். ஒரு நாளில் போய் வருவதற்கான இடமில்லை இது. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் உட்கார்ந்தே போவது, ஏறி இறங்கும் இடங்கள் மூன்றுதான். வாடகை வண்டி என்றால் நிங்போ நிலைய வாசலிலிருந்து படகுத்துறை வாசல் வரை கால் நோகாது.

காற்று: புயல் காலத்தின் உச்சம் ஜூலையிலிருந்து செப்டம்பர். அக்டோபர் பின்பாதியில் அபாயம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். மூடுபனியும் காற்றும் எப்போதும் வரலாம். அதனால் இரண்டு யோசனை. விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவில் வைக்காதீர்கள், இடையில் ஷாங்காயில் ஒரு நாளாவது இருக்கட்டும். போகிற நாளிலேயே படகு இல்லையென்றால் நிங்போவில் தங்குங்கள், அந்த நாளும் வீணாகாது. ஊருக்கு வெளியே அசோகர் பெயரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. நம் மௌரிய அசோகரேதான். புத்தரின் எலும்புத் துணுக்கு ஒன்றைக் காத்துவருவதாக அந்தக் கோயில் பெருமைப்படுகிறது. ஊருக்குள் 1561-ல் தொடங்கிய தியன்யி நூலகம். சீனத்தில் இன்றும் நிற்கும் தனியார் நூலகங்களில் மிகப் பழையது அது.

இன்னொன்று மிக முக்கியம். சீனச் சந்திர நாட்காட்டியில் இரண்டாம், ஆறாம், ஒன்பதாம் மாதங்களின் 19-ம் நாள் குவான்யின் திருநாள். ஒன்பதாம் மாதத்துடையது பெரும்பாலும் அக்டோபர் பின்பகுதி அல்லது நவம்பர் தொடக்கத்தில் விழும். அந்த நாட்களில் தீவில் அறை கிடைக்காது, படகுக்கு வரிசை முடியாது. தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

கால்வாய்க்கரை

இடம் முடிவாகும் போலிருக்கிறது. காகித வேலையை நான் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலரும் கடைசி நேரத்தில் திணறுகிறார்கள்.

கிள்ளான் தம்பதிக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். அம்பை மூவருக்கும் விசா கட்டாயம். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கவிடும் இடைவழிச் சலுகை இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் வீட்டில் தங்கும் வெளிநாட்டவரை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். ஷாங்காயில் இணையத்திலேயே செய்யலாம். விடுதியில் தங்கும்போது அவர்களே பதிவார்கள். ஆனால் சின்ன விடுதிகளில் பாஸ்போர்ட்டைப் பதியத் தெரியாமல் கைவிரிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-ல் அரசு சொன்ன பிறகும் இது முழுசாக மாறவில்லை. பதிவுக்கு முன்னால் ஒரு போன் போட்டு, இந்தியப் பாஸ்போர்ட் மூன்று, மலேசியா இரண்டு என்று தெளிவாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவோடு அடுத்த விடுதி தேடுவது வேண்டாம்.

ரயில் டிக்கெட் 15 நாள் முன்பு திறக்கும். நம் ஆட்களின் பெயர்தான் தொல்லை. அப்பா பெயர், இனிஷியல், குடும்பப் பெயர் கட்டம் காலி என்று ஆளுக்கொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருப்பதை அப்படியே போடுங்கள், நீங்களாகச் சுருக்காதீர்கள். ரயில்வே செயலியில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க நேரம் எடுக்கும் என்பதால் இப்போதே ஐந்து பேரையும் சேர்த்து வையுங்கள். நுழையும்போது தானியங்கி வாயிலில் பாஸ்போர்ட் எடுக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வாயிலுக்குப் போங்கள். ஹோங்ச்சியாவ் மிகப் பெரிய நிலையம், ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருந்துவிடுங்கள்.

பணம்: விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதையாவது அலிபே என்ற கட்டணச் செயலியில் இணைக்கலாம், 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை. யுபிஐ, ரூபே நம்பி வரவேண்டாம். ஊரிலிருந்தே ரோமிங் இ-சிம் வாங்கி வந்தால் வாட்ஸ்அப், கூகுள் எல்லாம் தடையில்லாமல் ஓடும். அம்மா பேரக்குழந்தைகளோடு வீடியோ பேச அது ஒன்று போதும்.

தேயிலைத்தூள்

ஹாங்சோவைத் தள்ளிவிட்டீர்கள், பரவாயில்லை :) நிங்போ ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வேறொரு நாள் காலை மற்ற நால்வரும் சும்மா ஒரு நாள் பயணமாக வந்து போகட்டும். எனக்குச் செய்தி அனுப்புங்கள், நானே தேயிலைக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன்.

அடுப்பங்கரை

சாப்பாடு என் பொறுப்பு, விரிவாகவே எழுதுகிறேன்.

சீனத்தில் "காய்கறி" என்று சொல்லி வாங்கினால் போதாது. கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள், டோஃபுவில் அரைத்த இறைச்சியைத் தூவுவார்கள், நூடுல்ஸ் குழம்பு கோழி எலும்பில் கொதித்திருக்கும், சிப்பிச் சாறு எதில் வேண்டுமானாலும் இருக்கும். சமைப்பவருக்கு இவையெல்லாம் கறி என்ற கணக்கிலேயே வராது. அதனால் "இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு, எலும்புச்சாறு, சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் எழுதி அம்மாவின் போனில் படமாக வைத்துவிடுங்கள்.

கோயில் சாப்பாட்டில் இந்தப் பயமே இல்லை. துறவிகளின் சைவம் நம் விரதச் சமையலுக்கு மிக நெருக்கம். வெங்காயம், பூண்டு கூடக் கிடையாது. தீவின் பெரிய கோயில்களில் நேரத்துக்குப் போனால் எளிய சைவச் சாப்பாடு கிடைக்கும். சீக்கிரம் முடித்துவிடுவார்கள், பகல் 11 மணிக்குள் போய்விடுங்கள். காளானும் கீரையும் போட்ட நூடுல்ஸ் எங்கும் உண்டு.

அம்மாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைவ உணவகங்களில் டோஃபுவையும் கோதுமைப் புரதத்தையும் மீன் மாதிரி, வாத்து மாதிரி செய்து தட்டில் வைப்பார்கள். தலை, வால், செதிள் வரைக்கும் இருக்கும். தெரியாமல் பார்த்தால் அம்மா அன்று முழுக்கப் பட்டினி கிடப்பார். ஷாங்காயில் 1922-லிருந்து நடக்கும் கோங்தெலின் சைவ உணவகத்துக்கு முதலில் ஒருநாள் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுங்கள்.

தயிர் தேடி அலைய வேண்டாம், இங்கே கடைத் தயிர் பெரும்பாலும் இனிப்பு. பருப்புப்பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எடுத்துவரச் சொல்லுங்கள். வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். ரயிலிலும் நிலையத்திலும் வெந்நீர் இலவசம், ஒரு ஃபிளாஸ்க் போதும். கழிப்பறைக்குக் காகிதம் கையோடு இருக்கட்டும்.

நிங்போ துறை

அக்கா சைவத்துக்குச் சொன்னார், மற்ற நால்வரையும் நான் பட்டினி போடக் கூடாது. சீனத்தின் மிகப் பெரிய மீன்பிடித் தளம் ஜோஷான். கோடைத் தடை செப்டம்பர் நடுவோடு முடிந்து படகுகள் போய் வரும் காலம் இது. நீச்சல் நண்டு சதைப்பிடித்திருக்கும். ஆனால் அதைத் தீவில் தேடாதீர்கள். புனிதத் தீவில் இரண்டு நாளும் எல்லாருமே சைவமாக இருந்துவிடுங்கள், அம்மாவோடு ஒரே மேஜை. திரும்பும்போது ஷென்ஜியாமென் துறைமுகத்தில் இறங்கிச் சாப்பிடலாம். எடைக்கு என்ன விலை, சமைக்கக் கூலி எவ்வளவு என்று இரண்டையும் நண்டைத் தூக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்ஹாங்வாசி

முடிவு செய்துவிட்டேன். பூத்துவோஷான், திங்கள் முதல் புதன், இரண்டு இரவும் தீவிலேயே. நாட்காட்டி பார்த்தேன், குவான்யின் திருநாள் நாங்கள் திரும்பிய பிறகுதான் வருகிறது. அவர்கள் விமானம் வெள்ளி இரவு, ஆக இடையில் இரண்டு நாள் கையில் இருக்கிறது. ஹாங்சோவுக்கு முந்தைய வாரம் வியாழன் அந்த நால்வரும் நானும் வருகிறோம். அன்று அம்மாவும் என் மனைவியும் கோங்தெலின்.

பொருநை ஐயா எழுதியதைத் தோழனுக்கு அனுப்பினேன். அவன் அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கிறான். அகத்தியர் அருவியிலிருந்து ஒரு குப்பித் தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்கிறாராம். பெட்டியில் போட்டால் சிக்கல் வருமா?

பொருநை

தாராளமாக. சின்ன பாட்டில், இறுக்கமான மூடி, செக்-இன் பெட்டியில். ரயில் சோதனையில் கேட்டால் தண்ணீர் என்று ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லலாம், அதனால் காய்ச்சி வடிகட்டி எடுத்துவரட்டும்.

நிங்போ துறை

ஐந்து விருந்தினர், நீங்கள் இருவர், மொத்தம் ஏழு பேர் என்றால் டிரைவரைச் சேர்த்து எட்டு. ஏழு இருக்கை வண்டி போதாது, கொஞ்சம் பெரிய வேன் சொல்கிறேன். அறை பூஜி கோயில் பக்கம் பாருங்கள், அங்கே ஏற்றம் இல்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை படகு நிலவரம் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.